முட்டி ஜவ்வு கிழிஞ்சா வெட்டணுமா, தைக்கணுமா? - மெனிஸ்கஸ் ஆபரேஷன் பற்றி முழு விளக்கம்

2024 ஜூன் மாதம் பிரெஞ்ச் ஓபன் டென்னிஸ் நடந்துகொண்டிருந்தபோது நோவக் ஜோகோவிச்சின் வலது முட்டியில் மெனிஸ்கஸ் கிழிந்தது. காலிறுதியில் ஆடாமலேயே விலகியவர், ஜூன் 5ஆம் தேதி பாரிஸில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். ஜூலை 2ஆம் தேதி விம்பிள்டனில் களமிறங்கி இறுதிப்போட்டி வரை போனார். ஆகஸ்ட் 4ஆம் தேதி ஒலிம்பிக் தங்கமும் வாங்கினார்.

அன்று முதல் எலும்பு மருத்துவர்களிடம் பலர் கேட்கும் கேள்வி இதுதான்: "அவர் ஒரு மாசத்துல ஓடுனாரே, எனக்கு மட்டும் ஏன் ஆறு மாசம்னு சொல்றீங்க?"

பதில் சிம்பிள். மெனிஸ்கஸ் கிழிவு என்பது ஒரே நோய் அல்ல. அதற்கான ஆபரேஷனும் ஒன்று அல்ல. கிழிந்த பகுதியை வெட்டி எடுப்பது ஒரு வகை. கிழிந்ததைத் தைத்துக் காப்பாற்றுவது இன்னொரு வகை. முதலாவதில் சில வாரங்களில் நடமாடலாம். இரண்டாவதில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

ஒரே ஆளின் ஒரே முட்டியில் இரண்டும் நடந்த உதாரணம் அமெரிக்க கூடைப்பந்து வீரர் டெரிக் ரோஸ். 2013 நவம்பரில் அவரது வலது முட்டியின் உள்பக்க மெனிஸ்கஸ் கிழிந்தபோது தையல் போட்டார்கள். அந்த சீசனே போச்சு. 2015 பிப்ரவரியில் அதே முட்டியில், அதே மெனிஸ்கஸ் மறுபடியும் கிழிந்தது. இந்த முறை கிழிந்த பகுதியை நீக்கினார்கள். சுமார் 6 வாரத்தில் மைதானத்துக்குத் திரும்பிவிட்டார்.

அப்படியென்றால் சீக்கிரம் குணமாகும் வழியை விட்டுவிட்டு, டாக்டர்கள் ஏன் இளைஞர்களுக்கு 'தைப்போம்' என்கிறார்கள்? அதைப் புரிந்துகொள்ள முட்டிக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

மெனிஸ்கஸ் என்றால் என்ன?

தொடை எலும்பின் கீழ்முனை உருண்டையாக இருக்கும். கால் எலும்பின் மேல்முனை கிட்டத்தட்ட தட்டையாக இருக்கும். உருண்டையைத் தட்டை மேல் வைத்தால் ஒரு சின்ன இடத்தில்தான் தொடும். முழு எடையும் அந்தப் புள்ளியிலேயே இறங்கும்.

இதைத் தடுக்கத்தான் இரண்டு எலும்புக்கும் நடுவில் பிறை வடிவத்தில் இரண்டு குருத்தெலும்புத் திண்டுகள் இருக்கின்றன. அவைதான் மெனிஸ்கஸ். முட்டியின் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. ஓரம் தடிமனாகவும் நடுப்பக்கம் மெல்லியதாகவும் இருக்கும். பைப் மூட்டில் போடும் வாஷர் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த வாஷர் கால் மடங்கும்போது கூடவே நகரும்.

கால் நேராக இருக்கும்போது முட்டிக்குள் இறங்கும் எடையில் சுமார் பாதியையும், 90 டிகிரி மடக்கும்போது சுமார் 85 சதவீதத்தையும் மெனிஸ்கஸ்தான் தாங்கிப் பரப்புகிறது. குதித்து இறங்கும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதும், முட்டி வழுக்காமல் பிடித்துக்கொள்வதும் இதன் வேலை.

இங்கே ஒரு குழப்பம். நம்ம ஊரில் முட்டிக்குள் எது கிழிந்தாலும் 'ஜவ்வு கிழிஞ்சிருச்சு' என்றுதான் சொல்வோம். உண்மையில் எலும்பையும் எலும்பையும் கயிறு போல இழுத்துக் கட்டும் தசைநார் வேறு, நடுவில் இருக்கும் இந்தத் திண்டு வேறு. ஏ.சி.எல். என்று சொல்வது தசைநார். அது அறுந்தால் பெரும்பாலும் உடலின் வேறு இடத்திலிருந்து நரம்பு போன்ற தசைநாண் எடுத்துப் புதிதாகக் கட்டுவார்கள். மெனிஸ்கஸ் கிழிந்தால் இருப்பதைத் தைப்பார்கள் அல்லது வெட்டுவார்கள். பல விபத்துகளில் இரண்டும் சேர்ந்தே கிழியும். அதனால் 'ஜவ்வு' என்று டாக்டர் சொன்னால், எந்த ஜவ்வு என்று கேட்பது முக்கியம்.

எப்படிக் கிழிகிறது?

பாதம் தரையில் ஊன்றியிருக்க, முட்டி மடங்கியிருக்க, உடம்பு மட்டும் திரும்பினால் போதும். இரண்டு எலும்புக்கு நடுவில் மெனிஸ்கஸ் மாட்டி நசுங்கிக் கிழிந்துவிடும். கபடியில் ரைடரைப் பிடிக்கும்போது, கால்பந்தில் சட்டென்று திரும்பும்போது, வாலிபாலில் எகிறி இறங்கும்போது நடப்பது இதுதான். பைக் சறுக்கி, கீழே ஊன்றிய கால் முறுக்கிக்கொண்டாலும் நடக்கும்.

வயதானவர்களின் கதை வேறு. வருடக்கணக்கான தேய்மானத்தில் மெனிஸ்கஸ் பழைய துணி போல நைந்து போயிருக்கும். தரையிலிருந்து எழுந்தால்கூடக் கிழியும். பெரிய அடி எதுவும் பட்டிருக்காது.

அறிகுறிகள் என்ன?

கிழியும்போது 'டக்' என்று ஒரு சத்தமோ உணர்வோ வரலாம். முட்டியின் ஓரத்தில், மூட்டு சேரும் கோட்டில் வலிக்கும். வீக்கம் பெரும்பாலும் உடனே வராது. மறுநாள் காலையில்தான் தெரியும். அடிபட்ட ஓரிரு மணி நேரத்திலேயே முட்டி பலூன் மாதிரி வீங்கினால், உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். ஏ.சி.எல். சேர்ந்து அறுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

மிக முக்கியமான அறிகுறி 'லாக்' ஆவது. அதாவது, முட்டியை முழுசாக நீட்டவே முடியாது. உள்ளே ஏதோ கல் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். கிழிந்த துண்டு எலும்புக்கு நடுவில் சிக்கிக்கொண்டிருப்பதுதான் காரணம். நடக்கும்போது முட்டி திடீரென்று மடிந்து ஆளைக் கவிழ்ப்பதும் ஒரு அறிகுறி.

லாக் ஆன முட்டியை இழுத்து நீட்டி விடுவதோ, எண்ணெய் போட்டு நீவிக் கட்டுவதோ ஆபத்து. சிக்கியிருக்கும் துண்டு மேலும் கிழியலாம். எலும்பின் மேல் இருக்கும் வழுவழுப்பான பூச்சும் உரசிக் கெடும்.

'நிலையற்ற' கிழிவு என்றால் என்ன?

எல்லாக் கிழிவுக்கும் ஆபரேஷன் தேவையில்லை. டாக்டர்கள் பார்க்கும் முக்கியமான விஷயம், கிழிந்த பகுதி இடத்திலேயே இருக்கிறதா, நகர்கிறதா என்பதுதான்.

ஓரத்தில் 1 சென்டிமீட்டருக்கும் குறைவான சின்னக் கிழிவு, இடம் மாறாமல் இருந்தால் அது நிலையான கிழிவு. அதுவாகவே ஆற வாய்ப்புண்டு. கிழிந்த பகுதி தளர்ந்து, மூட்டுக்குள் வந்து போய்க்கொண்டிருந்தால் அது நிலையற்ற கிழிவு. இதுதான் லாக் ஆக்கும், வழுக்கும், எலும்பை உரசும்.

இதில் சில வகைகள்:

* வாளிக் கைப்பிடி கிழிவு: மெனிஸ்கஸ் நீளவாக்கில் கிழிந்து, உள்பகுதி வாளியின் கைப்பிடி போல மறுபக்கம் புரண்டு விழும். முட்டி லாக் ஆவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

* வேர்க் கிழிவு: மெனிஸ்கஸின் இரண்டு நுனியும் எலும்பில் பதிந்திருக்கும். அந்த 'வேர்' பிடுங்கிக்கொண்டால் மெனிஸ்கஸ் முழுசாக இருந்தும் வேலை செய்யாது. எடை ஏறும்போது வெளியே பிதுங்கும். கிட்டத்தட்ட மெனிஸ்கஸே இல்லாத முட்டி மாதிரிதான்.

* ராம்ப் கிழிவு: உள்பக்க மெனிஸ்கஸின் பின்பகுதி, மூட்டு உறையிலிருந்து பிரிவது. ஏ.சி.எல். அறுந்தவர்களிடம் அதிகம் காணப்படும். ஸ்கேனில் தப்பிவிடக்கூடியது.

* அளவுக்கு மீறி நகரும் வெளிப்பக்க மெனிஸ்கஸ்: இதில் கிழிவே பளிச்சென்று தெரியாது. மெனிஸ்கஸைப் பின்னால் பிடித்திருக்கும் இழைகள் தளர்ந்திருக்கும். அதனால் முட்டியை ஆழமாக மடக்கும்போது மெனிஸ்கஸ் முன்னால் நழுவி மாட்டிக்கொள்ளும். ஸ்கேன் நார்மல் என்று வரும், ஆனால் உட்கார்ந்து எழும்போது முட்டி லாக் ஆகும். 'எல்லாம் மனசுதான்' என்று திட்டு வாங்குபவர்களில் சிலருக்கு இந்தப் பிரச்சனை இருக்கலாம்.

ஸ்கேன் ரிப்போர்ட்டை எப்படிப் பார்ப்பது?

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் 'கிரேடு 1', 'கிரேடு 2' என்று பார்த்தவுடன் பலர் பதறிப்போகிறார்கள். இந்த இரண்டும் மெனிஸ்கஸின் உள்ளே தெரியும் மாற்றங்கள் மட்டுமே. மேற்பரப்பு வரை வராதவை. இவற்றை உண்மையான கிழிவாகக் கணக்கில் எடுப்பதில்லை. மேற்பரப்பைத் தொடும் 'கிரேடு 3'தான் கிழிவு.

கிழிவு இருந்தாலும் வலிக்கு அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் 50 வயதைத் தாண்டிய பொதுமக்களின் முட்டிகளை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வு 2008இல் வெளியானது. மெனிஸ்கஸ் கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் முட்டியில் வலியோ இறுக்கமோ எதுவுமே இருந்திருக்கவில்லை. அதனால் டாக்டர் கையால் பரிசோதிப்பதும், எப்படி அடிபட்டது என்று கேட்பதும் ஸ்கேனுக்குச் சமமாக முக்கியம்.

ஏன் சில கிழிவு ஆறும், சில ஆறாது?

காயம் ஆற ரத்தம் வேண்டும். மெனிஸ்கஸில் ரத்தக்குழாய் எல்லா இடத்துக்கும் போவதில்லை. பெரியவர்களுக்கு வெளி ஓரத்தில் சுமார் 10 முதல் 30 சதவீத அகலத்துக்குத்தான் ரத்தம் போகிறது. இதை அமெரிக்காவின் ஸ்டீவன் அர்னோஸ்கி, ரஸ்ஸல் வாரன் இருவரும் 1982இல் தெளிவாகக் காட்டினார்கள்.

இதை வைத்து மெனிஸ்கஸை மூன்று பகுதியாகப் பிரிக்கிறார்கள். வெளி ஓரம் சிவப்புப் பகுதி. இங்கே தைத்தால் ஆறும். உள் ஓரம் வெள்ளைப் பகுதி. ரத்தமே இல்லை, ஆறுவது கஷ்டம். நடுவில் இருப்பது இரண்டுங்கெட்டான் பகுதி. இங்கேதான் டாக்டரின் அனுபவமும் நோயாளியின் வயதும் முடிவு செய்யும்.

'வேண்டாத உறுப்பு' என்று நினைத்த காலம்

முதன்முதலில் மெனிஸ்கஸைத் தைத்தவர் ஸ்காட்லாந்தின் எடின்பரோவைச் சேர்ந்த அறுவை சிகிச்சை நிபுணர் தாமஸ் அனன்டேல். 1885இல் இது பற்றி எழுதினார். ஆனால் அந்த வழியை யாரும் பெரிதாகப் பின்பற்றவில்லை. ஒரு காலத்தில் இருந்த தசையின் மிச்சம்தான் மெனிஸ்கஸ், அதற்கு வேலையே இல்லை என்று பிரிட்டிஷ் நிபுணர் ஜான் பிளாண்ட்-சட்டன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதினார்.

விளைவு, பல பத்தாண்டுகளுக்குக் கிழிந்த மெனிஸ்கஸை மொத்தமாக எடுத்துப் போடுவதே வழக்கமாக இருந்தது. விளையாட்டு வீரர்கள் சீக்கிரம் மைதானத்துக்குத் திரும்பினார்கள். எல்லோருக்கும் சந்தோஷம்.

1948இல் ஃபேர்பேங்க் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், மெனிஸ்கஸ் எடுக்கப்பட்டவர்களின் எக்ஸ்-ரேக்களைத் தொடர்ந்து பார்த்து ஒரு கட்டுரை எழுதினார். மூட்டு இடைவெளி சுருங்குவதும், எலும்பு தட்டையாவதும், ஓரத்தில் எலும்பு முள் போல வளர்வதும் அவற்றில் தெரிந்தன. 20 வயதில் மெனிஸ்கஸை இழந்தவருக்கு 40 வயதிலேயே மூட்டுத் தேய்மானம் வரக்கூடும் என்பது அதன் பிறகுதான் மெல்ல மெல்லப் புரிந்தது.

இதற்கிடையில் ஜப்பானில் வேறொரு கதவு திறந்தது. 1918இல் கென்ஜி தகாகி, சிறுநீர்ப்பையைப் பார்க்கும் கருவியை இறந்தவரின் முட்டிக்குள் விட்டுப் பார்த்தார். அவரது வழியில் வந்த மசாகி வாதனாபே 1962இல் துளை வழியாகவே மெனிஸ்கஸின் ஒரு பகுதியை நீக்கினார். 1969இல் ஹிரோஷி இகேயுச்சி, ஆர்த்ரோஸ்கோப் உதவியுடன் மெனிஸ்கஸைத் தைத்தார். இன்று உலகம் முழுக்க நடக்கும் ஆபரேஷனின் ஆரம்பம் அதுதான்.

ஆபரேஷனில் என்ன செய்வார்கள்?

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள் அல்லது முழு மயக்கம் கொடுப்பார்கள். முட்டிச் சில்லுக்குக் கீழே இரண்டு பக்கமும் சின்னத் துளை போடுவார்கள். ஒவ்வொன்றும் 1 சென்டிமீட்டருக்கும் குறைவு. ஒன்றில் சுமார் 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள கேமரா. இன்னொன்றில் கருவி. சலைன் தண்ணீரைச் செலுத்தி மூட்டை விரிப்பார்கள். உள்ளே நடப்பது டிவி திரையில் பெரிதாகத் தெரியும்.

முதல் வேலை தைப்பது அல்ல, தொட்டுப் பார்ப்பது. நுனி வளைந்த ஒரு கொக்கியால் மெனிஸ்கஸை இழுத்துப் பார்ப்பார்கள். எவ்வளவு நகர்கிறது, எங்கே கிழிந்திருக்கிறது, ரத்தம் போகும் பகுதியா என்று இங்கேதான் உறுதியாகும். ஸ்கேனில் 'தைக்கலாம்' என்று தோன்றியது உள்ளே போனதும் 'முடியாது' என்று மாறலாம். தலைகீழாகவும் நடக்கலாம். ஆபரேஷனுக்கு முன்பே இரண்டுக்கும் கையெழுத்து வாங்குவது இதனால்தான்.

புரண்டு கிடக்கும் துண்டை முதலில் அதன் இடத்துக்குத் தள்ளுவார்கள். கிழிந்த இரண்டு ஓரத்தையும் லேசாகச் சுரண்டிப் புண்ணாக்குவார்கள். ரத்தம் கசிந்தால்தான் ஒட்டும். பிறகு தையல். அதில் மூன்று முறை உண்டு:

* உள்ளிருந்து வெளியே: நீண்ட ஊசியை மூட்டுக்குள்ளிருந்து வெளியே குத்தி, தோலுக்கு அடியில் மூட்டு உறையின் மேல் முடிச்சு போடுவது. பல வருடங்களாக மற்ற முறைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோல் இதுதான். இதற்குப் பக்கவாட்டில் கூடுதலாக ஒரு கீறல் தேவை.

* வெளியிலிருந்து உள்ளே: மெனிஸ்கஸின் முன்பகுதிக் கிழிவுக்கு ஏற்றது.

* முழுக்க உள்ளேயே: முடிச்சு தயாராக இருக்கும் சிறிய கருவியால் மூட்டுக்குள்ளேயே தைப்பது. கூடுதல் கீறல் வேண்டாம், நேரமும் மிச்சம். பின்பகுதிக் கிழிவுக்கு அதிகம் பயன்படுகிறது. ஆனால் ஒவ்வொரு தையலுக்கும் ஒரு கருவி என்பதால் செலவு ஏறும்.

வேர் கிழிந்திருந்தால் கால் எலும்பில் துளை போட்டு, நூலை அதன் வழியே இழுத்துக் கட்டுவார்கள். ஏ.சி.எல். நன்றாக இருந்து மெனிஸ்கஸ் மட்டும் கிழிந்தவர்களுக்கு, எலும்பில் சின்னக் குழி போட்டு மஜ்ஜை ரத்தத்தை மூட்டுக்குள் கசிய விடுவதும் உண்டு. ஏ.சி.எல். ஆபரேஷனோடு சேர்த்துத் தைக்கும் மெனிஸ்கஸ் நன்றாக ஆறுகிறது என்பதைக் கவனித்த பிறகு வந்த உத்தி இது.

கடைசியில் மறுபடியும் கொக்கியால் இழுத்துப் பார்ப்பார்கள். நகரவில்லை என்றால் வேலை முடிந்தது. பெரும்பாலும் அன்றே அல்லது மறுநாள் வீட்டுக்குப் போகலாம்.

யாருக்குத் தைக்கலாம், யாருக்கு வேண்டாம்?

தைப்பதற்கு ஏற்றவை: ஓரப் பகுதியில், நீளவாக்கில், புதிதாகக் கிழிந்தவை. வயது குறைவு என்றால் இன்னும் நல்லது. ஆனால் வயதை மட்டும் வைத்து மறுப்பதில்லை. மெனிஸ்கஸின் தரம் நன்றாக இருந்தால் 40 வயதைத் தாண்டியவர்களுக்கும் தைக்கிறார்கள்.

ஏற்காதவை: உள் ஓரத்தில் ரத்தமே இல்லாத பகுதியின் கிழிவு, பல திசையில் நைந்து கிழிந்தது, மூட்டே தேய்ந்துபோன நிலை. லாக் ஆகி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துண்டை மட்டும் நீக்கி, மீதியை விட்டுவைப்பார்கள்.

நடுத்தர வயதுக்கு மேல் தேய்மானத்தால் வரும் கிழிவுக்கு ஆபரேஷன் பெரும்பாலும் தேவைப்படாது. பின்லாந்தில் இதற்காக ஒரு துணிச்சலான ஆய்வு செய்தார்கள். 35 முதல் 65 வயது வரை உள்ள 146 பேர். பாதிப் பேருக்கு உண்மையிலேயே கிழிந்த பகுதி நீக்கப்பட்டது. மீதிப் பேருக்குத் துளை போட்டு, ஆபரேஷன் செய்வது போலவே நடித்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை. 2013இல் இந்த முடிவு வெளியானது. தேய்ந்த முட்டிகளுக்கு ஆர்த்ரோஸ்கோப்பி வேண்டாம் என்று 2017இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான வழிகாட்டுதல் அழுத்தமாகச் சொன்னது. இவர்களுக்கு முதல் மருந்து உடற்பயிற்சியும் பிசியோதெரபியும்தான்.

ஆக, 22 வயது கபடி வீரரின் லாக் ஆன முட்டிக்கும், 60 வயது அம்மாவின் தேய்ந்த முட்டிக்கும் ரிப்போர்ட்டில் ஒரே வார்த்தை இருக்கலாம். சிகிச்சை நேர் எதிர்.

குழந்தைகளுக்கும் வருமா?

வரும். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே மெனிஸ்கஸ் பிறை வடிவத்தில் இல்லாமல் தட்டு மாதிரி இருக்கும். பெரும்பாலும் வெளிப்பக்கத்தில்தான். கிழக்கு ஆசிய நாடுகளில் இது அதிகம். நடக்கும்போது முட்டியில் 'கட்டக்' என்று சத்தம் வருவதும், முழுசாக நீட்ட முடியாததும் அறிகுறிகள்.

தொந்தரவு இல்லையென்றால் எதுவும் செய்ய வேண்டாம். வலியும் லாக்கும் இருந்தால், தட்டின் நடுவைச் செதுக்கிப் பிறை வடிவத்துக்குக் கொண்டுவருவார்கள். ஓரம் மூட்டு உறையோடு ஒட்டாமல் ஆடிக்கொண்டிருந்தால் அதையும் தைப்பார்கள். இப்போது குழந்தைகளுக்கு மொத்தமாக எடுப்பதை முடிந்தவரை தவிர்க்கிறார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு எத்தனை நாள்?

தையலை டாக்டர் போடுகிறார். ஆற வைப்பது நோயாளியின் பொறுமை. கிழிவின் வகையையும் டாக்டரையும் பொறுத்து மாறும் என்றாலும், பொதுவான அட்டவணை இப்படி இருக்கும்:

முதல் 2 வாரம்: முட்டியில் பிரேஸ், கையில் ஊன்றுகோல். ஐஸ் பேக், காலை உயர்த்தி வைப்பது, கணுக்காலை ஆட்டுவது, தொடையை இறுக்கித் தளர்த்துவது. தோலில் போட்ட தையல் 10 முதல் 14 நாளில் பிரிக்கப்படும்.

6 வாரம் வரை: 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது. நீளவாக்குக் கிழிவு என்றால் பிரேஸை நேராகப் பூட்டிக்கொண்டு கால் ஊன்ற அனுமதிப்பதுண்டு. வேர்க் கிழிவு, குறுக்குக் கிழிவு என்றால் பெரும்பாலும் கால் ஊன்றவே கூடாது.

6 முதல் 12 வாரம்: பிரேஸ் கழற்றப்படும். இயல்பான நடை, உடற்பயிற்சி சைக்கிள், தொடைத் தசைக்கு வலு சேர்க்கும் பயிற்சிகள்.

3 முதல் 4 மாதம்: தசை வலு திரும்பியிருந்தால் நேர்கோட்டில் மெதுவாக ஓடலாம்.

4 முதல் 6 மாதம்: விளையாட்டுக்குத் திரும்புவது பற்றி யோசிக்கலாம். ஏ.சி.எல். ஆபரேஷனும் சேர்ந்திருந்தால் சுமார் 9 மாதம்.

வலி போய்விட்டது என்பது ஆறிவிட்டது என்பதற்கு அடையாளம் இல்லை. மூன்றாவது வாரத்திலேயே பலருக்கு வலி குறைந்துவிடும். அப்போது உள்ளே நூல்தான் பிடித்துக்கொண்டிருக்கும், சதை இன்னும் சேர்ந்திருக்காது. 'நல்லாத்தானே இருக்கு' என்று படியில் ஓடுபவர்கள் தையலைப் பிய்த்துக்கொள்வது இந்த நேரத்தில்தான்.

தரையில் உட்காரலாமா?

வெளிநாட்டு அட்டவணையில் இல்லாத, நம்ம வீடுகளுக்கு ரொம்ப முக்கியமான கேள்வி இது. முட்டியை ஆழமாக மடக்கும்போது மெனிஸ்கஸின் பின்பகுதியில்தான் அழுத்தம் அதிகம். தையல் பெரும்பாலும் இருப்பதும் அங்கேதான்.

அதனால் சம்மணம் போட்டு உட்காருவது, குத்த வைத்து உட்காருவது, இண்டியன் டாய்லெட், தொழுகையில் மண்டியிடுவது எல்லாவற்றுக்கும் பொதுவாக 4 முதல் 6 மாதம் வரை தடை. ஆபரேஷனுக்கு முன்பே வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் அல்லது டாய்லெட் நாற்காலி ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. பாத்ரூமில் கைப்பிடி, வழுக்காத மிதியடி, மாடி வீடு என்றால் சில வாரம் கீழே தங்க இடம் ஆகியவற்றையும் யோசிக்க வேண்டும்.

பைக், கார் ஓட்டுவது, வேலைக்குப் போவது பற்றி டாக்டரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் சில வாரத்தில் போகலாம். மூட்டை தூக்குபவர், கட்டட வேலை செய்பவர், வயலில் இறங்குபவர் என்றால் மாதக்கணக்கில் வருமானம் நிற்கும். தைப்பதா, வெட்டுவதா என்ற முடிவில் இதுவும் ஒரு நியாயமான விஷயம். இதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஆபத்துகள் என்ன?

எல்லாத் தையலும் ஆறுவதில்லை. 5 வருடங்களுக்கு மேல் கவனித்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், ஏறக்குறைய நான்கில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரை தோல்வியடைகிறது. அப்போது மறுபடியும் தைக்கவோ, அந்தப் பகுதியை நீக்கவோ இன்னொரு ஆபரேஷன் தேவைப்படும். அப்படி நடந்தாலும், முதலிலேயே வெட்டியிருந்தால் போயிருக்கும் அளவை விடக் குறைவாக நீக்கினால் போதும் என்ற நிலை பலருக்கு இருக்கும்.

தையல் பொருளே தொல்லை கொடுப்பதும் உண்டு. கூடைப்பந்து வீரர் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்குக்கு 2013 ஏப்ரலில் மெனிஸ்கஸ் தைக்கப்பட்டது. ஒரு தையல் தளர்ந்து முட்டி வீங்கியதால் அதே வருடம் அக்டோபரில் மறுபடியும் ஆர்த்ரோஸ்கோப்பி செய்ய வேண்டி வந்தது.

மற்றபடி, முட்டியின் உள்பக்கத்தில் ஓடும் நரம்பு பாதிக்கப்பட்டால் தோல் மரத்துப்போகலாம். வெளிப்பக்க நரம்பு பாதிக்கப்பட்டால் பாதத்தைத் தூக்குவது சிரமமாகும். இது அபூர்வம். முட்டி இறுகிப்போவது, தொற்று, காலில் ரத்தம் உறைவது ஆகியவையும் குறைவான வாய்ப்புள்ள ஆபத்துகள்.

ஆபரேஷனுக்குப் பிறகு காய்ச்சல், துளையிலிருந்து சீழ், நாளுக்கு நாள் அதிகமாகும் வலி, கெண்டைக்காலில் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சு வலி ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த ஓ.பி. வரை காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

செலவும் காப்பீடும்

செலவை முடிவு செய்வது மருத்துவமனை வாடகை மட்டுமல்ல. எத்தனை தையல் கருவி பயன்படுத்துகிறார்கள் என்பதும்தான். உள்ளே போய்ப் பார்த்த பிறகே எண்ணிக்கை தெரியும் என்பதால், குறைந்தபட்சம் எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் ஆர்த்ரோஸ்கோப்பி செய்யப்படுகிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோ தனியார் பாலிசியோ இருந்தால், ஆபரேஷன் மட்டுமல்ல, தையல் கருவிக்கும் பணம் கிடைக்குமா என்று தனியாகக் கேட்க வேண்டும். பிசியோதெரபி செலவு பெரும்பாலும் கணக்கில் விடுபட்டுப்போகும்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

* கிழிந்திருப்பது மெனிஸ்கஸா, தசைநாரா, இரண்டுமா?
* கிழிவு ரத்தம் போகும் பகுதியிலா? நகர்கிறதா?
* ஆபரேஷன் இல்லாமல் பிசியோதெரபி செய்து பார்க்க முடியுமா? எத்தனை வாரம்?
* தைக்க முயற்சி செய்வீர்களா? உள்ளே பார்த்து முடியாது என்றால் எவ்வளவு நீக்குவீர்கள்?
* ஏ.சி.எல். சரியாக இருக்கிறதா? அது தளர்ந்திருக்க மெனிஸ்கஸை மட்டும் தைத்தால் நிற்குமா?
* எப்போது கால் ஊன்றலாம்? எப்போது தரையில் உட்காரலாம்?
* ஆபரேஷன் வீடியோ அல்லது படங்கள் கிடைக்குமா?

கடைசிக் கேள்வி சும்மா கேட்பதல்ல. பின்னாளில் முட்டியில் எந்தப் பிரச்சனை வந்தாலும், எவ்வளவு மெனிஸ்கஸ் மிச்சம் இருக்கிறது என்பதுதான் அடுத்த டாக்டர் முதலில் தெரிந்துகொள்ள நினைப்பது.

எவ்வளவு நாள் தள்ளிப்போடலாம்?

லேசான வலி, முட்டி முழுசாக நீள்கிறது, மடங்குகிறது என்றால் அவசரம் இல்லை. ஓய்வு, ஐஸ், பயிற்சி என்று சில வாரம் பார்க்கலாம். ஆனால் முட்டி லாக் ஆகி நீட்ட முடியவில்லை என்றால் சில நாட்களுக்குள் எலும்பு நிபுணரைப் பார்க்க வேண்டும். புரண்டு கிடக்கும் துண்டு நாளாக ஆக நசுங்கி உருக்குலைந்துவிடும். இன்று தைக்க முடிகிற மெனிஸ்கஸ், சில மாதம் கழித்து வெட்டி எடுக்க மட்டுமே லாயக்காகப் போய்விடலாம்.